மாஜி வார்டு மெம்பர் இல்லாத கல்யாணப் பத்திரிகை

மாப்பிள்ளை கிடைத்துவிட்டான், மண்டபம் கிடைத்துவிட்டது, ஆடி மாதத்திலேயே அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சம்மதித்த சமையல்காரர்கூடக் கிடைத்துவிட்டார். கல்பனாவின் கல்யாணத்தில் கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது பத்திரிகை ஒன்றுதான்.

இத்தனைக்கும் பத்திரிகையை எழுதியதே அவள்தான். திருப்பதியில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தை ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் வேர்டில் அடித்தாள். மேலே அம்மன் துணை, அதையடுத்து ‘தங்கள் வரவை எதிர்நோக்கும் திருமதி தாட்சாயணி ஏழுமலை’, நடுவில் அவள் பெயர், மாப்பிள்ளை ஹேமநாத் பெயர். தாட்சாயணி அவள் அம்மா. ஏழுமலை அவள் அப்பா. நைனா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அடித்து முடித்து, எல்லாரும் ஒருமுறை பார்க்கட்டுமே என்று ஃபைலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

‘பாருங்கள்’ என்றால் நம் ஜனங்களுக்குப் ‘பார்க்க’ மட்டும் தெரியாதே! சாயங்காலத்துக்குள் அந்தப் பத்திரிகைக்குப் பல பிரதிகள் முளைத்துவிட்டன. சித்தி தன் பிள்ளைகளின் பட்டப்படிப்பை ஏற்றியிருந்தாள். அத்தை, மண்டபத்துக்கு வழி சொல்கிறேன் என்று நகரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பத்தி எழுதியிருந்தாள். பெரியப்பா ரங்கையா, மழலைகள் வரிசையில் பேரப்பிள்ளைகள் பெயரோடு ‘மற்றும் புதுவரவு’ என்று சேர்த்திருந்தார். மருமகளுக்கு அப்போது ஏழாவது மாசம்.

அதோடு விட்டிருந்தால் கல்பனா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். பத்திரிகையின் மேலே, அம்மா பெயர் இருந்த இடத்தில், ‘ரங்கையா, மாஜி வார்டு மெம்பர்’ என்று கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மா பெயர் உறவினர் வரிசையில் கடைசிக்கு முந்தின இடத்தில், அத்தையின் மாமியாருக்கும் கீழே கிடந்தது.

ரங்கையா ஒரே ஒரு தடவை பஞ்சாயத்து வார்டு மெம்பராக இருந்தவர். அதுவும் எதிர்த்து நின்றவனின் மனு தள்ளுபடி ஆனதால் போட்டியின்றி. அந்தப் பதவி போய் யுகமாகிவிட்டது, ஆனால் அவர் பெயரைவிட்டுப் போகவில்லை. வீட்டு கேட்டில் அது உண்டு, பைக்கில் உண்டு, போர்வெல் மோட்டார் கொட்டகைக் கதவிலும் உண்டு. புத்தூரில் சுகர் டெஸ்ட் எடுக்கப் போன இடத்தில், ரிப்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் அதையும் அடித்தே ஆகவேண்டும் என்று லேப்காரப் பெண்ணோடு மல்லுக்கு நின்றவர் அவர்.

கல்பனா போன் போட்டாள்.

“இன்னாமா, நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்?” என்றார் ரங்கையா. “உங்கம்மா பேர எடுத்தேனா? எடுக்கல. கீழ தள்ளி வெச்சேன், அவ்ளோதான்.”

“ஏன் தள்ளினீங்க?”

“நம்ம பக்கம் வழக்கம்னு ஒண்ணு கீதுல்ல? புருசன் இல்லாதவ பேர்ல பத்திரிகை அடிக்க மாட்டாங்க, பங்காளிங்க பேர்லதான் அடிப்பாங்க. மங்கள காரியம் பாரு. எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்.”

நைனா செத்தபோது அவள் எட்டாம் வகுப்பு. வயலில் கடலை பிடுங்குகிற பக்குவத்தில் இருந்தது. காரியம் முடிந்த கையோடு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். அன்றைக்கு அந்த வயலில் எந்தப் பங்காளியின் பெயரும் இல்லை. விஜயபுரம் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து கடலை விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தபோது, தாட்சாயணியைத்தான் டைரக்டராகப் போட்டார்கள். கம்பெனி காகிதங்களில் அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. ஜிஎஸ்டி கட்டும்போது ‘உனக்குப் புருஷன் இருக்கிறானா’ என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. சொந்த மகளின் பத்திரிகையில் மட்டும் அவள் பெயர் ஆகாதாம்.

அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள். அம்மா பெயர் மேலேதான் வரும், இல்லையென்றால் பத்திரிகையே வேண்டாம்.

கம்பெனிக்கு அம்மா போடும் கையெழுத்து பேனாக் கையெழுத்து அல்ல, டிஜிட்டல் கையெழுத்து. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கன். அதைக் கம்ப்யூட்டரில் சொருகி பாஸ்வேர்டு அடித்தால் கையெழுத்து விழும். ஆடிட்டர் ஆபீசில் எல்லாக் கட்சிக்காரர்களின் டோக்கனும் ஒரு பழைய மைசூர்பாக் டப்பாவில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆபீசில் டீ கொண்டு வருகிறவர்வரை எல்லாருக்கும் அது மனப்பாடம். இது தப்பு சார் என்று கல்பனா பலமுறை சொல்லிவிட்டாள். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே ஒரு மைசூர்பாக் நீட்டுவார்.

போன வாரம் அம்மாவின் டோக்கன் காலாவதியாகி, புதிதாக்க வேண்டியிருந்தது. அதற்கு சம்பந்தப்பட்டவரே கேமரா முன்னால் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்ல வேண்டும். தாட்சாயணி பவுடர் போட்டு, பட்டுப்புடவை கட்டி, செல்போனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, “என் பேரு தாட்சாயணி” என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். இந்தத் தடவை பாஸ்வேர்டை அம்மாவே வைக்கட்டும் என்று கல்பனா விட்டுவிட்டாள்.

“எங்கிட்டகூட சொல்லாத. இது உன் கையெழுத்து.”

“அப்டியா? அப்போ அந்தப் பக்கம் திரும்பு” என்று மகளையே திருப்பி உட்காரவைத்துவிட்டு, முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினாள் தாட்சாயணி. டோக்கன் அன்றிலிருந்து கல்பனாவின் கைப்பையிலேயே கிடந்தது. டப்பாவுக்குத் திரும்பப் போக அதற்கு இன்னும் வேளை வரவில்லை.

கல்பனாவுக்கென்று சொந்த டோக்கன் உண்டு. பத்திரிகையைப் பழையபடி திருத்தி, சித்தி பிள்ளைகளின் பட்டங்களைப் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்து, அம்மா பெயரை மேலே ஏற்றி, ஃபைலில் தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டாள். கீழே ஓரத்தில் சிவப்பு ரிப்பன் மாதிரி ஒரு சின்னப் படம் வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், பெரியப்பாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“பத்திரிகைக்கு எவனாச்சும் கையெழுத்து போடுவானா? இது இன்னா நிலப்பத்திரமா?” என்றார் ரங்கையா.

“நிலப்பத்திரத்த மாத்தறதுக்கு உங்களுக்கு பயம் கீது. கல்யாணப் பத்திரிகைக்கு இல்லியே. அதான்.”

“சரி, பூட்டிட்டே. இனிமே எவனும் தொட முடியாது. அப்டித்தானே?”

“யாரு சொன்னா? தாராளமா தொடலாம். பூட்டெல்லாம் இல்ல. ஆனா தொட்டா தெரிஞ்சிடும். கேஸ் சிலிண்டருக்கு சீல் வெக்கறாங்கல்ல, அந்த மாதிரி. ஒரு எழுத்து மாத்தினாலும், ஒரு புள்ளி வெச்சாலும் என் கையெழுத்து போயிடும். கையெழுத்து இல்லாத பத்திரிகைய அச்சடிக்காதன்னு பிரஸ்ஸுல சொல்லிட்டேன்.”

“புள்ளிகூடவா?”

“புள்ளிகூட.”

ரங்கையா மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “அப்போ ‘மாஜி வார்டு மெம்பர்’?”

“அது நான் போடல பெரியப்பா. வெறும் ‘பெரியப்பா ரங்கையா’தான். உறவுக்காரங்க வரிசைல மொத இடம் உங்களுக்குத்தான்.”

அவர் முகம் சுண்டிவிட்டது. அப்போது உள்ளேயிருந்து காப்பியோடு வந்த தாட்சாயணி, “இத நேரா அச்சுக்கு அனுப்பாதம்மா. மொத அம்மன் காலடியில வெச்சு எடுத்துக்கினு போலாம்” என்றாள்.

“அச்சடிச்ச அப்புறம் மொத பத்திரிகைய வெப்பாங்கம்மா. ஃபைல எப்டி வெப்பாங்க?”

“ஃபைலுதானே அச்சாவுது? அதையே வெச்சா எல்லாப் பத்திரிகையும் வெச்ச மாதிரி ஆச்சு.”

கல்பனாவால் மெயிலில் ஒரு நொடியில் அனுப்பியிருக்க முடியும். ஆனால் அம்மா எதையும் கேட்கிறவளே இல்லை. அபூர்வமாகக் கேட்கிறாள் என்று இளகிப்போய், ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை அவள் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். தாட்சாயணி பென் டிரைவைத் தாம்பூலத் தட்டில் வைத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பூசாரி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினார். அதன்பிறகு ரங்கையா வந்து, தன் பைக்கில் தம்பி பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு புத்தூர் பிரஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

மதியம் கல்பனாவுக்கு பிரஸ்காரர் சுரேஷ்பாபுவிடமிருந்து போன். “அக்கா, மீ சந்தகம் லேது!” என்று தெலுங்கில் அலறினார். கையெழுத்தைக் காணோமாம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்பனா புத்தூர் பஸ்ஸைப் பிடித்தாள். ரேணிகுண்டா தாண்டும்வரை பெரியப்பாவை மனசுக்குள் திட்டினாள். ரேணிகுண்டா தாண்டியதும் வாய்விட்டே திட்டினாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பிரஸ்ஸில் ரங்கையாவும் தாட்சாயணியும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல், பஞ்சாமிர்தத்தில் விழுந்த பேரீச்சம்பழம் மாதிரி பென் டிரைவ் கிடந்தது.

“வாம்மா, வா,” என்று ரங்கையா உற்சாகமாக வரவேற்றார். “இன்னா ஆச்சுன்னு நாங்க கண்டுபுடிச்சிட்டோம். மஞ்சள்தான். பூசாரி குளிப்பாட்டிட்டான். ரேஷன் கடைல கைல மஞ்சள் இருந்தா ரேகை உழுதா? உழாதில்ல? ரேகைக்கே அந்தக் கதின்னா, கையெழுத்துக்கு?”

“நேனு கூட அதே அனுகுன்னானு அக்கா,” தானும் அப்படித்தான் நினைத்ததாக சுரேஷ்பாபு தலையாட்டினார். “நல்லா துடைச்சிட்டுத்தான் சொருகினேன். லோபல உள்ள போயிருக்கும்.”

“மஞ்சள் உள்ள போனா ஃபைலே தொறக்காது. ஃபைல உட்டுட்டு என் கையெழுத்த மட்டும் நக்கித் துன்னுட்டுப் போற மஞ்சள் எந்த ஊர்ல வெளையுது?” என்று கல்பனா சீறினாள். “யாரோ தொறந்து மாத்தியிருக்காங்க. மாத்தறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே கேக்கும், கையெழுத்து போயிடும், பரவாயில்லியான்னு. பரவாயில்லன்னு அமுக்கியிருக்காங்க. எங்க காட்டுங்க.”

சுரேஷ்பாபு திரையைத் திருப்பினார். கீழே சிவப்பு ரிப்பன் இல்லை. பத்திரிகையின் மேலே ‘தங்கள் வரவை எதிர்நோக்கும் ரங்கையா’ என்றிருந்தது. அம்மா பெயரை மேலிருந்து கீழ்வரை தேடினாள். அத்தையின் மாமியாருக்குக் கீழேகூட இல்லை. சுத்தமாகத் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

கல்பனா பெரியப்பா பக்கம் திரும்பினாள். “பெரியப்பா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா? போன தடவை கீழயாச்சும் தள்ளினீங்க. இப்போ மொத்தமா அழிச்சிட்டீங்களே! எங்கம்மா உங்களுக்கு இன்னா பண்ணா? இவ்ளோ சொல்லியும், சாமி தட்டுல வெச்ச பொருள எடுத்துக்கினு போயி…”

ரங்கையா எழுந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு வெகு பக்கத்தில் போய் நின்றார். அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“எவன்டா இத அடிச்சது?” என்று கர்ஜித்தார். “ரங்கையா? வெறும் ரங்கையாவா? முன்னாடி ஒண்ணும் இல்ல, பின்னாடி ஒண்ணும் இல்ல! எவனோ கூலிக்கு வந்தவன் பேர் மாதிரி! ஏம்மா கல்பனா, நானே மாத்தியிருந்தா ‘மாஜி வார்டு மெம்பர்’ போடாம உட்டிருப்பேனா? நீயே சொல்லு!”

எந்தக் கோர்ட்டும் தள்ள முடியாத சாட்சி அது. தன் பெயர் மேலே ஏற ஒரு வாய்ப்புக் கிடைத்து, அதில் பட்டத்தைப் போடாமல் இந்த மனுஷன் விட்டிருக்கவே மாட்டார். உலகமே தலைகீழானாலும் நடக்காது.

“அவர வையாதம்மா,” என்று நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. “நான்தான்.”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாட்சாயணி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“கோயில் பக்கத்துல நெட் சென்டர் கீதுல்ல. அங்க குடுத்து எடுக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சி, ‘கையெழுத்து போயிடும்னு வருதும்மா, போகட்டுமா’ன்னு. போகட்டும்னுட்டேன்.”

“அம்மன் காலடியில வெக்கணும்னு சொன்னதே இதுக்குத்தானா?”

“வெச்சேன்டி! வெச்சுட்டு, மன்னிச்சிக்கோ தாயேன்னு கேட்டுக்கினுதான் போனேன்.”

கல்பனாவுக்கு எந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வளர்த்துக்கொண்டு வந்த கோபம்! “ஏம்மா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

“நாளைக்கு அந்த ஊட்ல உனக்கு ஒரு தலவலி வந்தாகூட, பத்திரிகைல மொதல்ல யார் பேர் இருந்துச்சின்னு ஞாபகம் வெச்சுக்கினு பேசுவாங்கடி. ஹேமநாத் நல்ல புள்ள. ஊர் வாய் அப்டியில்ல. என் பேர் இல்லன்னா இன்னா கொறஞ்சிட்டேன்? நீ நல்லா இருந்தா போதும்.”

ரங்கையாவின் வாயிலிருந்து வழக்கம், மங்களம் என்று ஏதாவது வரும் என்று கல்பனா காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதுதான், ஆனால் அவள் வாயிலிருந்து கேட்கும்போது நன்றாக இல்லையே என்கிற மாதிரி ஒரு முகம். “தாட்சாயணி பேரே இருந்துட்டுப் போவட்டும்மா,” என்று கடைசியில் முணுமுணுத்தார். “வெறும் ரங்கையாவுக்கு அது எவ்ளோவோ மேல்.”

“ஏமுந்தி அக்கா, இதுல என்ன பிரச்சினை?” என்றார் சுரேஷ்பாபு. “அசல் ஃபைல் உங்ககிட்ட இருக்குமே. இப்பவே மெயில் பண்ணுங்க, அடிச்சிடறேன். அம்மா தடுக்க முடியாது.”

உண்மைதான். அசல் ஃபைல் லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் கல்பனா தட்டவில்லை. அம்மாவை மீறி அம்மா பெயரைப் போட்டு என்ன பிரயோஜனம்? பெரியப்பா கேட்காமல் எடுத்தார், நான் கேட்காமல் போடுகிறேன், அவ்வளவுதானே வித்தியாசம் என்று அவளுக்கே உறைத்தது.

லேப்டாப்பை எடுத்து அம்மாவின் மடியிலேயே வைத்தாள். அசல் ஃபைலைத் திறந்தாள். கைப்பையைத் துழாவி அம்மாவின் டோக்கனை எடுத்துச் சொருகினாள்.

“இதுல நான் கையெழுத்து போட்டிருக்கேன். பக்கத்துல இன்னொருத்தரும் போடலாம், என்து போவாது. உனக்கு இஷ்டம் இல்லன்னா போடாத. பெரியப்பா பேர்லயே அடிச்சிக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. நான் நெனச்சாலும் உனக்குப் பதிலா போட முடியாது.”

தாட்சாயணி திரையைப் பார்த்தாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தாள்.

“கடல கம்பெனிக்குப் போடற மாதிரியா?”

“அங்க உன் பேர்ல நாங்க போட்டுக்கினு இருந்தோம். இது நீயே போடறது.”

பிரஸ்ஸில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. தாட்சாயணி முந்தானையை உதறி, திரையைச் சுற்றிப் பந்தல் மாதிரி பிடித்தாள்.

“அந்தப் பக்கம் திரும்பு” என்றாள்.

கல்பனா திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்ததைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மட்டும்தான் பார்த்தது. சுரேஷ்பாபு மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். ரங்கையா ஓரக்கண்ணால் பார்க்க, “நீங்களும்தான் மாமா” என்று தாட்சாயணி சொன்னதும் அவரும் திரும்பிக்கொண்டார். விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டப்படும் சத்தம் கேட்டது. ஒருமுறை தப்பாகி, “சீ, சனியனே” என்ற சத்தமும் கேட்டது. மறுபடி தட்டினாள். “ஆச்சு” என்றாள்.

கையெழுத்துகள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் வந்திருந்தன. கல்பனா. அடுத்து தாட்சாயணி. இரண்டும் செல்லும் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

ஃபைல் சுரேஷ்பாபுவின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சிவப்பு ரிப்பனைப் பார்த்துத் திருப்தியாகி, பிரிண்ட் கொடுக்கப்போன சமயத்தில் ரங்கையா அவர் தோளைத் தொட்டார்.

“சுரேஷ்பாபு, ஒரு நிமிஷம். உறவுக்காரங்க வரிசைல என் பேர் கீது பாரு. அதுக்குப் பின்னாடி சின்னதா மூணே வார்த்த. பிராக்கெட்ல போட்டாகூட போதும். கண்ணுக்கே தெரியாது.”

பெரிய மனுஷர், அக்கம்பக்கத்துக் கல்யாணமெல்லாம் இவர் சொல்லித்தான் இந்த பிரஸ்ஸுக்கு வருகிறது. சுரேஷ்பாபுவின் கை தன்னால் மவுஸுக்குப் போனது. உடனே திரையில் ஒரு கட்டம் எழும்பி, கையெழுத்துகள் போய்விடும், தொடரலாமா என்று கேட்டது. சுரேஷ்பாபு கல்பனாவைப் பார்த்தார். கல்பனா அம்மாவைப் பார்த்தாள்.

தாட்சாயணி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். மச்சாண்டாருக்கு, புருஷனின் அண்ணனுக்கு, எதிரில் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பேசினாள்.

“வேணாம் மாமா. என் கையெழுத்து போயிடும்.”

கேமரா முன்னால் பெயர் சொன்ன அன்றைக்கு மாதிரியே, பக்கத்துக் கடைவரைக்கும் கேட்டது.